இடது அச்சு

பற்களுக்கிடையே ஒரு கட்டையை வைத்து
‘கடி. விழுங்காதே’ என்றாள் ஹென்ரிக்கா.
துர்க்கு நகரில் அன்று மழையுமில்லை, பனியுமில்லை,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று
சன்னலில் வழிந்துகொண்டிருந்தது.

நூல் கட்டிய பஞ்சை முதலில் உள்ளே தள்ளினாள்.
பிறகு ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து
இளஞ்சிவப்புக் குழம்பு,
சில்லென்று, அவசரமில்லாமல்,
சாமான்களோடு யாரோ குடிவருவதுபோல.
இடப்பக்க உலகம் அணைந்தது.
ஐந்து நிமிடம்
என் எச்சிலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உருவி என் உள்ளங்கையில் வைத்தாள்.
நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்தும்
நான் பார்த்திராத குகை,
உட்புறம் வெளிப்புறமாக.
‘இடதில் ஒரு வளைவு கூடுதல்’ என்றாள்,
கடைக்கு வழி சொல்கிறவளைப்போல.

அப்புறம் பட்டியல்.
உள்ளே எத்தனை ஒலிப்பான்கள்? இரண்டா, நான்கா, எட்டா?
எட்டின் விலைக்குப் படகுக்கே
புது எஞ்சின் போடலாம் என்றான் ஓஸ்மோ.
நான்கு.
ரெசினா, சிலிக்கானா?
பாடகிக்கு வாய் திறந்தால் காதும் திறக்கும்,
கூடவே வளைந்து கொடுப்பது நல்லது என்றாள்.
சிலிக்கான்.
வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலம்.
பெயர் பொறிக்கவா என்றார்கள்.
வேறெந்தக் காதிலும் நுழையாத பொருளுக்குப்
பெயர் எதற்கு?

ஆறு வாரத்தில் வந்தது. வலது குத்தியது.
திருப்பி அனுப்பினேன், மயிரிழை செதுக்கி வந்தது.

ஸ்டாக்ஹோம் கப்பலில் ஏழாம் தளத்து நடனக்கூடம்.
டாங்கோ, ஹும்ப்பா, நடுநிசி தாண்டியும் வால்ட்ஸ்.
இருபது வருடம் கத்திப் பாடிய தொண்டை
முதல் இரவே தன்னைக் கண்டுபிடித்தது.
டிரம் என் மண்டைக்குள் முக்காலி போட்டு அமர்ந்தது.
கைதட்டல் மட்டும்
கண்ணாடிக்கு அப்பால் மீன்களாகிவிட்டது.
வால்ட்ஸ் முடிந்து ஒரு பெரியவர் அருகில் வந்து
ஏதோ சொன்னார்.
அவர் உதடுகளைப் பார்த்து நன்றி சொன்னேன்.
முதுகில் உன் ஜிப் திறந்திருக்கிறது என்றாராம்.

மெழுகு நோண்ட ஒரு கம்பி வளையம்,
ஈரம் உறிஞ்ச நீல மணிகள்,
கோட்டுப் பையில் தீப்பெட்டி அளவு டப்பா.
ஒருமுறை மாட்டியபடியே கம்புரொட்டி கடித்தேன்,
சரளைக்கல்லில் ஒரு ராணுவம் நடந்தது.
ஓஸ்மோவின் அக்கா வந்து பேசும் மாலைகளில்
‘அவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே’ என்பான்.
நான் வேறொன்றைப் போட்டுக்கொண்டேன்,
வயர் எதிலும் இணைக்காமல்.

மார்ச்சில், இடதில் பேஸ் காணாமல் போனது.
ஆர்ட்டுவிடம் ‘ஏற்று’ என்றேன். ஏற்றினான்.
‘இன்னும்.’
‘இதற்குமேல் கடலில் மீன் மிதக்கும்.’
தந்தியைச் சேமித்து வைத்து
வீடு கட்டப் போகிறாயா என்று கேட்டுவிட்டேன்.
இரண்டு இரவுகள்
ஒரே பாட்டில் இருந்தும் நாங்கள் பேசவில்லை.
ஒலிக்காரன் வயரை மாற்றினான், பெட்டியை மாற்றினான்.
விரலால் அழுத்தினால் வந்தது,
எடுத்தால் போனது.

ஹென்ரிக்கா விளக்கடித்துப் பார்த்தாள்.
கருவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
‘எத்தனை கிலோ இறங்கினாய்?’
தெரியாது என்றேன்.
பெல்ட்டில் புதுத் துளை போட்டது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது,
போட்ட ஆணியும்.
ஓஸ்மோ பார்க்கவில்லை. நானும்தான்.
காதுச் சுவர் மெலிந்து
இடுக்கு வழியே கசிந்திருக்கிறது,
முதலில் பேஸ், அதுதான் முதலில் போகும்.

கட்டையைக் கடிக்க வாயைத் திறந்தேன்.
‘இப்போது வேண்டாம்’ என்றாள்.
‘முதலில் டாக்டரைப் பார்.
நீ ஓர் அளவில் நின்றபின் அச்செடுக்கலாம்.’

ரத்தப் பரிசோதனைச் சீட்டு
டப்பா இருக்கும் அதே பையில் மடங்கிக் கிடக்கிறது.
இன்றிரவு இடது காதில் விரலை வைத்தே பாடினேன்.
இரண்டு ஜோடிகள் அதைப் பாணி என்று நினைத்து
தாங்களும் வைத்து ஆடினார்கள்.

பாட்டுகளுக்கு நடுவே திரும்பி
ஆர்ட்டுவிடம் மன்னிப்புக் கேட்டேன்.
அவன் தலையாட்டினான், சிரித்தான்,
பிறகு ஒரு காதிலிருந்து கழற்றி
‘என்ன சொன்னாய்?’ என்றான்.